நன்னாவின் பெயர்

நியூ ஆர்லியன்ஸ்

என் மாமியாரின் கைப்பையில் எப்போதும் ஒரு காய்ந்த விதை கிடக்கும். நம் மொச்சையைவிட இரண்டு மடங்கு பெரியது. பழுப்பேறி, கூழாங்கல் போல வழவழத்துப் போனது. ஃபாவா என்று அதற்குப் பெயர். மார்ச் 19, சூசையப்பர் திருநாளுக்கு அமெரிக்காவில் வாழும் சிசிலிக் குடும்பங்கள் ரொட்டியும் மீனும் பலகாரமுமாகப் படையல் போடும். வந்தவர்கள் எல்லோருக்கும் வயிறார உணவிட்டு, வழியனுப்பும்போது கையில் இப்படி ஒரு விதையை வைப்பார்கள். பஞ்ச காலத்தில் சிசிலி மக்களின் உயிரைக் காத்தது ஃபாவாதான் என்பது அவர்கள் நம்பிக்கை. அது இருக்கும் பை காலியாகாது.

மாமியாரை நான் அத்தை என்றே அழைக்கிறேன். கல்யாணமான புதிதில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்டார், சொன்னேன். அன்றிலிருந்து நான் வேறு எப்படிக் கூப்பிட்டாலும் அவர் திரும்புவதில்லை. வயது 74. டெக்சாஸில் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். இருபது ஆண்டுகளாகத் தன் குடும்பத்தின் கதையைப் பேரப்பிள்ளைகளுக்காக எழுதிக்கொண்டிருக்கிறார். அதில் அவருடைய தாத்தாவுக்கு மட்டும் நான்கு அத்தியாயங்கள்: கப்பலேறியது, லூசியானாவில் கரும்பு வெட்டியது, டெக்சாஸில் பிரேஸோஸ் ஆற்றங்கரையில் பருத்தி போட்டது, நிலம் வாங்கியது. பாட்டிக்கு ஒரே ஒரு பக்கம். வீட்டில் எல்லோரும் அவரை ‘நன்னா’ என்பார்கள். சிசிலி மொழியில் பாட்டி என்று பொருள். 1910 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ‘மேரி, மனைவி’. 1920இல் ‘மேரி, மனைவி’. 1931இல் இறந்தபோது தகவல் கொடுத்தவர் பக்கத்து வீட்டுக்காரர். இறப்புச் சான்றிதழில் தந்தை பெயர் தெரியாது, தாய் பெயர் தெரியாது என்று எழுதி முடித்துவிட்டார்கள்.

அத்தை நன்னாவைப் பார்த்ததில்லை. ஆறு பிள்ளைகள் பெற்று வளர்த்த ஒருத்திக்கு ஒரு பக்கம்தானா என்ற ஆற்றாமை அவருக்குத் தீரவேயில்லை. ஒருமுறை, குலவரலாறு எழுதித் தருகிறோம் என்று விளம்பரம் செய்த ஓர் இடத்துக்குப் பணம் அனுப்பினார். வந்தது கேடயமும் சிங்கமும் போட்ட ஒரு குலச்சின்னம். கூலிக்கு வயலில் இறங்கியவர்களுக்கு ஏது சிங்கம்! அதை அவர் அலமாரியின் அடியில் வைத்துவிட்டார்.

நன்னா இறங்கிய துறைமுகம் நியூ ஆர்லியன்ஸ் என்பதால், அவரைத் தேடும் பயணத்தை நானும் அத்தையும் அங்கிருந்தே தொடங்கினோம். பிரெஞ்சு குவார்ட்டர் என்று இன்று சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் பகுதிக்கு நூறாண்டுக்கு முன்பு ‘குட்டி பலெர்மோ’ என்று பெயர். இங்கே சிசிலிக்காரர்கள் வந்து சேர்ந்ததற்கு முதல் காரணம் எலுமிச்சை. பலெர்மோவிலிருந்து எலுமிச்சையும் ஆரஞ்சும் ஏற்றி வந்த கப்பல்கள் போட்டுவைத்த தடத்திலேயே மனிதர்களும் வந்தார்கள். இரண்டாவது காரணம் கரும்பு. அடிமை முறை ஒழிந்த பிறகு லூசியானாவின் பண்ணைக்காரர்களுக்கு வெட்டுக்கு ஆள் போதவில்லை. அக்டோபரில் தொடங்கும் வெட்டுக்காலத்தைக் கணக்கிட்டு, பலெர்மோவிலிருந்து கப்பல் கப்பலாக ஆட்கள் வந்து இறங்கினார்கள்.

இந்த வரலாற்றைப் படித்தபோது எனக்கு நெஞ்சில் ஒரு திடுக்கிடல். அதே காரணத்துக்காக, அதே நூற்றாண்டில், அதே பயிருக்காகத்தான் நம்மவர்களை மொரீஷியஸுக்கும் நேட்டாலுக்கும் பிறகு பிஜிக்கும் கொண்டுபோனார்கள். பாரதியார் அழுது பாடியதும் கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காகத்தான். ஆனால் ஒரு வேறுபாட்டை மறைக்கக் கூடாது. நம்மவர்கள் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கட்டுண்டு போனார்கள். சிசிலிக்காரர்கள் அப்படிக் கட்டுண்டவர்கள் அல்லர். வெட்டு முடிந்தால் வேறு ஊர் போகலாம், மிச்சம் பிடித்து நிலம் வாங்கலாம். அத்தையின் தாத்தா அதைத்தான் செய்தார்.

அதற்காக அவர்களை யாரும் தாம்பூலம் வைத்து வரவேற்கவில்லை. 1890 அக்டோபரில் நகரின் காவல் தலைவர் டேவிட் ஹென்னஸி சுட்டுக் கொல்லப்பட்டார். பழி இத்தாலியர்கள் மேல் விழுந்தது. விசாரணையில் யாருக்கும் தண்டனை கிடைக்கவில்லை என்றதும், 1891 மார்ச் 14 அன்று ஒரு பெருங்கும்பல் சிறைக்குள் புகுந்து பதினொரு பேரைக் கொன்றது. அமெரிக்க வரலாற்றில் ஒரே நாளில் நடந்த மிகப் பெரிய கும்பல் கொலைகளில் அது ஒன்று. 2019 ஏப்ரலில்தான் நகர மேயர் அதற்கு மன்னிப்புக் கேட்டார். “எங்கள் வீட்டில் இதை யாரும் பேசியதே இல்லை,” என்றார் அத்தை. “அப்பா எங்களுக்குச் சிசிலி மொழியைச் சொல்லித் தராததற்கும் இதற்கும் தொடர்பு இருக்குமோ என்று இப்போது தோன்றுகிறது.”

பலெர்மோ

அக்டோபர் கடைசி வாரம். பல்லரோ சந்தைக்குள் நுழைந்தபோது எனக்குத் தூத்துக்குடி மார்க்கெட் நினைவு வந்துவிட்டது. மீன் வாடை, ஈரத்தரை, ஒவ்வொரு கடைக்காரரும் ஒரு ராகத்தில் கூவும் கூவல். தலைக்கு மேல் துணிப்பந்தல். கத்தரிக்காய் பந்து போல உருண்டு கிடக்கிறது. வாள்மீனின் தலையை, மூக்கு வானத்தைப் பார்க்கும்படி நட்டு வைத்திருக்கிறார்கள்.

ஒரு வண்டியில் பனெல்லே போட்டுக்கொண்டிருந்தார்கள். கொண்டைக்கடலை மாவைத் தண்ணீரில் கரைத்து, களி கிண்டுவதுபோல் விடாமல் கிண்டி, பொடியாக நறுக்கிய ஒரு கீரையைத் தூவி, பலகையில் மெல்லியதாகப் பரப்பி ஆறவிடுகிறார்கள். இறுகியதும் வில்லை போட்டு எண்ணெயில் பொரிப்பு. மேலே மொறுமொறுப்பு, உள்ளே வெண்ணெய்ப் பதம். எள் தூவிய பன்னுக்குள் நான்கைந்தை அடுக்கி, எலுமிச்சை பிழிந்து தந்தார்கள். எள்ளைக் காட்டி இதற்கு என்ன பெயர் என்று கேட்டேன். “ஜுஜ்ஜுலேனா,” என்றார் வண்டிக்காரர். எனக்கு உடனே பொறி தட்டியது. நம் நல்லெண்ணெய்ப் பாட்டில்களில் ஆங்கிலத்தில் ஜிஞ்செல்லி என்று போட்டிருக்கிறதே, அதுவும் இதுவும் ஒரே அரபுச் சொல்லின் பிள்ளைகள். ஒன்பதாம் நூற்றாண்டில் சிசிலியைப் பிடித்த அரபுகள் இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் ஆண்டார்கள். எலுமிச்சையும் கரும்பும் வாய்க்கால் பாசனமும் அவர்கள் கொண்டுவந்தவை. அத்தையின் தாத்தாவை ஏற்றிச் சென்ற எலுமிச்சைக் கப்பலுக்கும் அப்படி ஒரு பழைய வேர் இருக்கிறது.

இன்னொரு கடையில் சப்பாத்திக்கள்ளிப் பழம் குவித்திருந்தார்கள். இங்கே அதன் பெயர் ‘இந்திய அத்தி’. மெக்சிகோவில் பிறந்த செடி. கொலம்பஸ் போன இடத்தையெல்லாம் இந்தியா என்று நம்பிய காலத்தில் ஒட்டிக்கொண்ட பெயர். கடைக்காரர் தடித்த கையுறை போட்டு ஒரு பழத்தைப் பிடித்தார். இரு முனைகளையும் சீவினார், நடுவே நீளவாக்கில் ஒரு கீறல், கத்தி நுனியால் தோலை நெம்பினார். செக்கச்செவேல் என்று பழம் உருண்டு வெளியே வந்தது. எங்கள் ஊரான ஆறுமுகநேரியில் சின்ன வயதில் நாங்கள் அதை மணலில் புரட்டிப் புரட்டி முள்ளெடுப்போம். அப்படியும் நாக்கில் ஒன்று குத்தும். இதைச் சொன்னதும் அவர் காசு வாங்க மறுத்துவிட்டார்.

கடைவீதி முழுக்கப் பாதாம் மாவில் செய்த பொம்மைப் பழங்கள். நிஜ மாதுளை, நிஜ ஆரஞ்சு என்றே கண் நம்பும். நவம்பர் 2 இறந்தோர் நாள். நம்மூரில் கல்லறைத் திருநாள். சிசிலியில் அன்றைக்குக் குழந்தைகளுக்குப் பரிசு கொண்டுவருபவர்கள் இறந்துபோன தாத்தா பாட்டிகள். ராத்திரி வந்து ஒளித்துவைத்துவிட்டுப் போவார்களாம். காலையில் பிள்ளைகள் வீடெல்லாம் தேடி எடுப்பார்கள். இறந்தவர்களைக் கண்டு அஞ்சாமல், அவர்கள் வரவுக்குக் காத்திருக்கப் பிள்ளைகளைப் பழக்கும் இந்த வழக்கம் எனக்கு மிகவும் பிடித்துப் போனது.

அத்தை துறைமுகத்தில் நெடுநேரம் நின்றார். “நாங்கள் பலெர்மோக்காரர்கள் என்றுதான் அப்பா சொல்வார்,” என்றார். ஏறிய துறைமுகத்தையே ஊர் என்று சொல்லிவிட்டார்கள். பல குடும்பங்களில் இதே கதைதான். அதனால் அத்தை முதல் பத்தாண்டுகளைப் பலெர்மோ பதிவேடுகளிலேயே தொலைத்தார். உண்மையான ஊரைக் காட்டிக்கொடுத்தது போர். 1942 ஏப்ரலில் அமெரிக்கா 45 வயது முதல் 64 வயது வரையுள்ள ஆண்களையும் பெயர் பதியச் சொன்னது. அந்த அட்டையில் பிறந்த ஊரைக் கேட்டிருந்தார்கள். அறுபது வயதுத் தாத்தா வாயால் சொன்னதை எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருந்தார். அந்தக் கோணல் எழுத்துக்கூட்டலை வரைபடத்தோடு ஒப்பிட்டு ஒப்பிட்டு அத்தை கண்டுபிடித்த ஊர், மேற்குச் சிசிலியில் பெலிச்சே பள்ளத்தாக்கில் இருக்கும் போஜோரெயாலே.

டிராபனி

போஜோரெயாலே டிராபனி மாவட்டத்தில் இருக்கிறது. மாவட்டத் தலைநகரை நெருங்கும்போதே சாலையின் ஒரு பக்கம் முழுக்க உப்பளம். நான் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டேன். பாத்தி பாத்தியாக நீர், அதில் இளஞ்சிவப்புச் சாயல், நடுநடுவே பழைய காற்றாலைகள். அறுவடை முடிந்து குவித்த உப்பின் மேல் மழை படாமலிருக்கச் சுட்ட ஓடுகளை வரிசையாக அடுக்கியிருக்கிறார்கள். எங்கள் ஊரில் கீற்று போட்டு மூடுவோம். என் அப்பாவின் அம்மா உப்பளத்தில் வேலை செய்தவர். அவர் பாதம் கடைசிவரை வெடித்துத்தான் இருந்தது. காற்றில் வந்த அந்தக் கரிப்பு வாசனையில் நான் எதுவும் பேசவில்லை. அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் காலை அரசு ஆவணக் காப்பகம். சிசிலியில் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவு 1820லேயே தொடங்கிவிட்டது. ஒவ்வொரு பதிவேட்டையும் இரண்டு படிகளாக எழுதுவார்கள். ஒன்று ஊரிலேயே இருக்கும்; மற்றொன்று மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய், அங்கிருந்து காப்பகத்துக்கு வந்து சேரும். இந்த ஏற்பாட்டைச் செய்தவர் யாராயிருந்தாலும் அவர் கைக்கு ஒரு கும்பிடு. ஊரே இடிந்தாலும் எழுத்து மிஞ்சும்.

பெரும்பகுதி இன்று கணினியில் படங்களாகக் கிடைக்கிறது. ஆனால் பெயரைத் தட்டினால் பக்கம் வந்து நிற்காது. ஒவ்வொரு தாளாகப் புரட்டித்தான் ஆக வேண்டும். அத்தையின் மூத்த பெரியப்பா சிசிலியில் 1905இல் பிறந்தவர் என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும். உதவிக்கு ஒரு பெண் அலுவலர் எங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்தார். கையெழுத்துக்குப் பழக எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. ஆண்டு, நாள், நேரம், வயது எல்லாவற்றையும் எண்ணில் எழுதாமல் எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். ‘ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐந்து’ என்று நீட்டி முழக்கி ஒவ்வொரு தாளும் தொடங்குகிறது.

பதினொரு மணி சுமாருக்கு அலுவலரின் விரல் ஒரு வரியில் நின்றது. அத்தையின் குடும்பப் பெயர். ஆண் குழந்தை. பதிய வந்தவர் தகப்பன் அல்ல, மருத்துவச்சி. காரணமும் எழுதியிருந்தது: தகப்பன் ஊரில் இல்லை, அமெரிக்காவில் இருக்கிறான். பிறந்த வீடு இருக்கும் தெருவின் பெயர், கதவு எண். அதற்கடுத்து, குழந்தையைப் பெற்றவள் பெயர். அவளுடைய சொந்தப் பெயர், அவள் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரோடு.

இத்தாலியப் பதிவேடுகளில் கல்யாணம் ஆனாலும் பெண்ணின் பெயர் மாறுவதில்லை. பிறக்கும்போது எந்தப் பெயரோ, பிள்ளை பெறும்போதும் சாகும்போதும் அதே பெயர். படிப்பறிவில்லாத, மண் தரை வீட்டுப் பெண்ணுக்கும் அப்படித்தான். கடல் தாண்டி அமெரிக்கா வந்தபிறகுதான் நன்னா ‘மேரி, மனைவி’ ஆனாள்.

அந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அத்தையின் புத்தகத்தில்தான் அது முதலில் அச்சேற வேண்டும். ஆனால் அந்தப் பெயரைப் படித்ததும் அத்தையின் முகம் போன போக்கை எழுதாமல் இருக்க முடியவில்லை. ஏனென்றால் அது அவருடைய பெயரும்கூட.

அமெரிக்கர்களுக்கு முதற்பெயருக்கும் குடும்பப் பெயருக்கும் நடுவே இன்னொரு பெயர் உண்டு. அத்தைக்கு இருந்த நடுப்பெயர் பள்ளியில் பிள்ளைகள் கேலி செய்யும்படியான, வாயில் நுழையாத பெயர். பத்து வயதிலேயே அதை ஒற்றை எழுத்தாக்கி, ஒரு புள்ளி வைத்து, கையெழுத்தின் நடுவே ஒதுக்கிவிட்டார். யாரோ பாதிரியார் ஏதோ ஒரு புனிதையின் பெயரை வைத்திருப்பார் என்பது அவர் எண்ணம். சிசிலியில் முதல் மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், முதல் மகளுக்கு அப்பாவின் அம்மா பெயர் என்பது அசையாத முறை. அத்தைக்கும் இந்த முறை தெரியும். ஆனால் பாட்டி பெயர் மேரி என்று எல்லாக் காகிதமும் சொன்னதால், பாட்டியைத் தன் கையெழுத்தில் தேட அவருக்குத் தோன்றவில்லை. அமெரிக்க எழுத்துக்கூட்டலில் அந்தப் பெயரின் வால் வேறு அறுந்திருந்தது.

“உங்கள் சித்தப்பா மகள்களுக்கும் இதே நடுப்பெயர்தானே?” என்று கேட்டேன்.

“மூன்று பேருக்கு,” என்றார். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை.

நான் தமிழில் பேரன் என்ற சொல்லைப் பற்றி அவருக்குச் சொன்னேன். பெயரன், பெயர்த்தி, தாத்தா பாட்டியின் பெயரைத் தாங்குபவர்கள். எங்கள் வீட்டில் என் அண்ணனுக்குத் தாத்தா பெயர்தான். எங்கள் பெயர்களுக்கு முன்னாலும் ஓர் ஒற்றை எழுத்து நிற்கிறது. அது அப்பாவின் பெயர். அத்தையின் ஒற்றை எழுத்தில் மட்டும் ஒரு பாட்டி ஒளிந்திருந்திருக்கிறாள்.

கல்யாணப் பதிவையும் எடுத்துக்கொடுத்தார்கள். 1903. மணமகனுக்கு 21, மணமகளுக்கு 17. இருவரின் தாய் தகப்பன் பெயர்களும் இருந்தன. ஆக, ஒரே நாளில் அத்தைக்கு ஒரு பாட்டியும், அந்தப் பாட்டியைப் பெற்றவளும் கிடைத்துவிட்டார்கள். கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் எழுத்தரின் ஒரு வரி: இவர்களுக்கு எழுதத் தெரியாததால் கையெழுத்திடவில்லை. நம் பத்திரங்களாக இருந்தால் அந்த இடத்தில் ஒரு கட்டைவிரல் ரேகையாவது இருக்கும். அத்தை அந்த வெற்றிடத்தின் மேல், தாளைத் தொடாமல், விரலை வைத்திருந்தார்.

அன்றிரவு விடுதி அறையில் கப்பல் பட்டியல்களைத் தேடினோம். இருபது ஆண்டுகள் கணவன் குடும்பப் பெயரில் தேடிக் கிடைக்காதவள், பிறந்த வீட்டுப் பெயரில் தேடியதும் பத்து நிமிடத்தில் வந்துவிட்டாள். 1906 அக்டோபர், பலெர்மோவிலிருந்து நியூ ஆர்லியன்ஸ். வயது 20. இனம், தென் இத்தாலியர். அன்றைய அமெரிக்கப் பட்டியல்களில் வட இத்தாலியர் வேறு, தென் இத்தாலியர் வேறு. படிக்கத் தெரியுமா, தெரியாது. யாரிடம் போகிறாள், கணவனிடம். மடியில் ஒரு வயதுப் பிள்ளை. குடியேற்ற அதிகாரிகள் பெயரை மாற்றிவிட்டார்கள் என்று அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு ஒரு கதை உண்டு. அதிகாரிகள் கப்பலோடு வந்த பட்டியலைச் சரிபார்த்தார்களே தவிர, புதுப்பெயர் எழுதவில்லை. நன்னா தன் சொந்தப் பெயரிலேயே கரையிறங்கியிருக்கிறாள். பெயர் உதிர்ந்தது அதற்குப் பிறகு, சிறுகச் சிறுக: பண்ணைக் கணக்கில், மளிகைக்கடைக் கடன் நோட்டில், கணக்கெடுப்பவர் வந்து வாசலில் நின்ற ஐந்து நிமிடத்தில்.

சாப்பாட்டைச் சொல்லாமல் டிராபனியை விட்டுப் போக மனமில்லை. விடுதியை நடத்தும் அம்மா மீன் குழம்பும் குஸ்குஸும் செய்தார். கடலுக்கு அந்தப் பக்கம் துனிசியா. அங்கிருந்து வந்த சமையல். அகன்ற மண் சட்டியில் ரவையைப் போட்டு, விரல் நுனியால் உப்புத்தண்ணீர் தெளித்துத் தெளித்து, உள்ளங்கையை வட்டமாகச் சுழற்றி மணி மணியாக உருட்டினார். புட்டுக்கு மாவு பிசிறும் அதே கை. பிறகு ஓட்டைப் பாத்திரத்தில் இட்டு, கீழ்ப்பானையும் மேல்பானையும் சேரும் இடத்தில் ஆவி போகாதபடி மாவைத் திரித்து ஒட்டி, ஒன்றரை மணி நேரம் ஆவியில் வேகவைத்தார். மேலே பாறைமீன் குழம்பு. பட்டையும் பூண்டும் மணக்க, முதல் வாயிலேயே எனக்கு வீட்டுக்குப் போய்விட்டது போலிருந்தது.

ஜிபெல்லினா

1968 ஜனவரி 14 இரவு, விடிந்தால் 15. பெலிச்சே பள்ளத்தாக்கை நிலநடுக்கம் குலுக்கியது. ஜிபெல்லினா, சலபருத்தா, மொந்தேவாகோ, போஜோரெயாலே நான்கும் வாழ முடியாதபடி அழிந்தன. இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஜிபெல்லினாவைப் பல கிலோமீட்டருக்கு அப்பால் புதிதாகக் கட்டினார்கள். பழைய ஊர் இருந்த சரிவின் மேல் அல்பெர்ட்டோ புர்ரி என்ற கலைஞர் வெள்ளைக் காங்கிரீட்டைப் போர்த்தினார். 1984இல் தொடங்கி, பாதியில் நின்று, 2015இல் முடிந்த வேலை. ஏறத்தாழ 80,000 சதுர மீட்டர். பாளம் பாளமாக வெடித்த களிமண் நிலம் போல இருக்கிறது. வெடிப்புகள்தாம் பழைய தெருக்கள், நுழைந்து நடக்கலாம். சுவர் என் கண் மட்டத்துக்கு நிற்கிறது. உள்ளே இடிபாடுகளும், வீட்டுச் சாமான்களும், பிள்ளைகளின் விளையாட்டுப் பொருட்களும் புதைந்திருக்கின்றன.

இது பெரிய கலை. வெயில் சாயும்போது அந்த வெண்மையைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். ஆனாலும் என் மனசு இதற்கு முழுதாக இணங்கவில்லை. ஒரு கதவு இல்லை, ஒரு படிக்கட்டு இல்லை. என் வீடு இங்கே இருந்தது என்று ஒரு கிழவி வந்து தொட்டுக் காட்ட ஒரு கல் இல்லை. அத்தை சீக்கிரமே வண்டிக்குத் திரும்பிவிட்டார்.

போஜோரெயாலே

பழைய போஜோரெயாலேயை யாரும் மூடவில்லை. இடிந்தபடியே விட்டுவிட்டு, சில கிலோமீட்டர் தள்ளிப் புதிய ஊர் கட்டிக்கொண்டார்கள். தனியாக உள்ளே போவது ஆபத்து என்பதால் ஊர்ப் பெரியவர் ஒருவர் கூட வந்தார். நிலநடுக்கத்தின்போது அவருக்கு 14 வயது.

பிரதான வீதி இன்னும் வீதியாகவே இருக்கிறது. இருபுறமும் கூரையில்லாத மாடி வீடுகள். உயரத்தில் ஒரு சுவரில் நீல வண்ணம் பூசிய அறையின் ஒரு பாதி ஒட்டிக்கொண்டிருக்கிறது; தரை இல்லை. தேவாலயப் படிக்கட்டின் இடுக்கில் அத்திமரம் முளைத்திருக்கிறது. பால்கனியின் இரும்புக் கம்பி வேலைப்பாடு அப்படியே இருக்கிறது, பின்னால் வீடுதான் இல்லை.

“பகலிலேயே இரண்டு மூன்று தடவை ஆடியது,” என்றார் பெரியவர். “அதனால் அப்பா எங்களை வெளியே வயலில் படுக்க வைத்தார். கடுங்குளிர். ராத்திரி சத்தம் கேட்டபோது நான் அப்பாவைப் பார்க்கவில்லை, ஊரைப் பார்த்தேன். புழுதிதான் தெரிந்தது.” பத்தாண்டுக்கும் மேல் தகரக் கொட்டகையில் வாழ்ந்ததாகச் சொன்னார். “வீடு கேட்டோம். அரசாங்கம் ரயில் டிக்கெட் கொடுத்தது. போகிறவர்களுக்கு இலவசம்.” அவருடைய இரண்டு அண்ணன்மார் ஆஸ்திரேலியா போனவர்கள்தான். 1906இல் பசி அனுப்பிய ஊரை 1968இல் மண் அனுப்பியது. அத்தையின் குடும்பத்துக்கும் அந்த அண்ணன்மாருக்கும் நடுவே அறுபது ஆண்டு இடைவெளி. வழி அதே வழி.

பதிவேட்டில் இருந்த தெருப்பெயரைக் காட்டினோம். பெயர்ப்பலகை எதுவும் இல்லாத இடத்தில், “அது ரொட்டி அடுப்புக்காரர் வீட்டுக்குப் பின்னால்,” என்று சொல்லி நேரே கூட்டிப் போனார். சந்து. ஒரு பக்கம் மண்மேடு. மறுபக்கம் ஏழெட்டு வாசல்கள். கதவு எண் ஒன்றும் மிஞ்சவில்லை. கீழே கழுதைக்கு, மேலே மனிதருக்கு என்று ஒவ்வொன்றும் ஒற்றை அறை வீடு. ஒரு வாசலின் பக்கச் சுவரில் கழுதையைக் கட்டும் இரும்பு வளையம் இருந்தது. கல்லில் வளையம் உராய்ந்து உராய்ந்து, பிறைபோல ஒரு பள்ளம் விழுந்திருந்தது. “இவற்றில் ஒன்று,” என்றார் பெரியவர். எது என்று அவரும் சொல்லவில்லை, அத்தையும் கேட்கவில்லை. ஒவ்வொரு வாசலிலும் சற்று நேரம் நின்றுவிட்டு அடுத்ததற்குப் போனார். கணவன் கடல் தாண்டிப் போயிருக்க, மருத்துவச்சியை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு, பத்தொன்பது வயதில் இவற்றில் ஏதோ ஒரு வாசலுக்குள்தான் நன்னா பிள்ளை பெற்றாள்.

மூக்கைத் துடைக்க அத்தை கைக்குட்டை எடுத்தபோது பையிலிருந்து அந்த ஃபாவா விதை விழுந்தது. பெரியவர் எடுத்துக் கொடுத்து, எதற்கு இது என்று கேட்டார். கதையைச் சொன்னதும் ஆச்சரியப்பட்டார். “எங்கள் வீட்டில் இதைப் பையில் வைத்துக்கொள்ளும் வழக்கம் இல்லையே. குழைய வேகவைத்துச் சாப்பிடுவோம்.” சிசிலியின் அடையாளம் என்று அத்தை ஐம்பது ஆண்டுகள் சுமந்தது, சிசிலியை விட்டு வந்தவர்கள் உண்டாக்கிய வழக்கமாக இருக்கலாம். அதில் குறை ஒன்றும் இல்லை. பிரிந்து போனவர்களுக்குத்தானே கையில் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டியிருக்கிறது? டர்பனில் காவடி எடுக்கிறவர்களுக்கு இது புரியும்.

மதியம் பெரியவர் வீட்டில் சாப்பாடு. ஒலிவ அறுவடை நடந்துகொண்டிருந்தது. அந்த வாரம் ஆட்டிய எண்ணெய் பச்சைப் பசேலென்று, தொண்டையில் மிளகுபோல் காறியது. சூடான ரொட்டியைப் பிளந்து, எண்ணெயை ஊற்றி, தக்காளி, பாலாடைக்கட்டி, உப்பிட்ட நெத்திலி வைத்து, காய்ந்த ஓரிகானோவை உள்ளங்கையில் கசக்கித் தூவிக் கொடுத்தார்கள். அத்தை மூன்று சாப்பிட்டார்.

மறுநாள் நவம்பர் 2. கல்லறைத் தோட்டம் கல்யாண வீடுபோல் நிறைந்திருந்தது. கைநிறையச் செவ்வந்தி. இங்கே செவ்வந்தி இறந்தவர்களுக்கு மட்டுமே உரிய பூ; உயிரோடிருப்பவருக்குக் கொடுக்க மாட்டார்கள். ஒவ்வொரு கல்லிலும் பீங்கானில் சுட்ட நிழற்படம். பெண்களின் கற்களில் அவர்கள் பிறந்த வீட்டுப் பெயர் இருந்தது. அத்தை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போனார்.

கறுப்பு உடுத்திய ஒரு மூதாட்டி எங்களை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அருகே வந்தார். சிசிலி ஊர்களில் அந்நியரைக் கண்டால் கேட்கும் முதல் கேள்வியைக் கேட்டார்: நீ யாரைச் சேர்ந்தவள்? நம்மூரில், நீ யார் வீட்டுப் பிள்ளை என்பார்களே, அதே கேள்வி. பெரியவர் பதில் சொல்ல வாயெடுத்தார். அத்தை அவரைக் கையமர்த்திவிட்டு, முதற்பெயரை விட்டுவிட்டு, அறுபது ஆண்டுகளுக்கு மேலாகப் புள்ளி வைத்து மறைத்த நடுப்பெயரை வாய்விட்டுச் சொன்னார்.

மூதாட்டி அத்தையின் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். மூன்று வரிசை தள்ளி ஒரு கல். அதே பெயர், வேறு குடும்பம், வேறு காலத்துப் பெண். “என் அக்கா,” என்றார். பீங்கான் படத்திலிருந்த தூசியை முந்தானைபோல் தொங்கிய தன் சால்வை நுனியால் துடைத்தார். தன் கையிலிருந்த செவ்வந்தியில் பாதியை அத்தையிடம் கொடுத்தார்.

பிறகு தலையை ஆட்டினார். பெயரை அத்தை சொன்னவிதம் தவறாம். நடுவில் ஓர் எழுத்து அழுந்த வேண்டும், கடைசி எழுத்தை விழுங்கக் கூடாது. அவர் சொல்லிக் காட்டினார். அத்தை திருப்பிச் சொன்னார். இல்லை என்றார் மூதாட்டி. அத்தை மறுபடி சொன்னார். இன்னும் கொஞ்சம் என்பதுபோல் அவர் விரலை மடக்கிக் காட்டினார். கையில் பூவோடு, அத்தை மீண்டும் ஒருமுறை சொன்னார்.